கிடங்கு லைன்காரர்கள் கவனத்துக்கு

உங்கள் வீடு எந்த வார்டில் இருக்கிறது, சட்டென்று சொல்லுங்கள் பார்ப்போம்? போனை எடுத்துத் தேடக் கூடாது. அம்மாவைக் கேட்கக் கூடாது. தெரியாதுதானே? எங்கள் தெருவிலும் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் எந்த லைன் என்று கேட்டுப் பாருங்கள், பாதித் தூக்கத்திலும் பதில் வரும். நாங்கள் கிடங்கு லைன்.

லைன் என்றால் கேபிள் டிவி லைன். திருவனந்தபுரத்தில் சாலை என்கிற பெரிய கடைத்தெருவுக்குப் பின்னால் சந்து சந்தாகப் பிரிந்து கிடக்கிறது எங்கள் பகுதி. அதற்கு ஒரே ஒரு கேபிள்காரர். எல்லோரும் அவரைக் கேபிள் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். தன்னுடைய அறையிலிருந்து ஒவ்வொரு சந்துக்கும் ஒரு கம்பி இழுத்தார், ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு பெயர் வைத்தார். பூக்கடை லைன், மேட்டு லைன், கோயில் லைன், பழைய அரிசிக் கிடங்குகள் இருக்கும் எங்கள் சந்துக்குக் கிடங்கு லைன். படம் போய்விட்டால் போனில் "மாமா, கிடங்கு லைன்ல ஒண்ணும் தெரியல்ல" என்போம். காலப்போக்கில் அதுவே முகவரியாகிவிட்டது. கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிற சேட்டன் அந்தப் பெயரை வைத்துத்தான் வீடு கண்டுபிடிப்பார். கல்யாணத் தரகர்கூட "பெண்ணு கிடங்கு லைனாக்கும்" என்றுதான் ஆரம்பிப்பார். மாநகராட்சி எங்களுக்கு வைத்த பெயர் வீட்டு வரி ரசீதில் இருக்கும். ரசீது பீரோவில் இருக்கும். பீரோ சாவி அப்பாவிடம் இருக்கும்.

கேபிள் மாமாவிடம் ஒரு லோக்கல் சேனலும் இருந்தது. பூக்கடைக்கு மேலே ஒரு அறை, சுவரில் பச்சைத் துணி, ட்யூப் லைட், ஒரு கேமரா. ரெக்கார்ட் பண்ணும்போது ஃபேனை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் ஹெலிகாப்டருக்குள் உட்கார்ந்து செய்தி வாசிப்பது போலக் கேட்கும். சாயங்காலம் மலையாளச் செய்தி. அதற்கு முன்னால் அரை மணி நேரம் தமிழ். நாகர்கோவில் பக்கமிருந்தும் தென்காசிப் பக்கமிருந்தும் வந்து பாத்திரக்கடை, கயிற்றுக்கடை போட்டவர்கள், ஹோட்டலில் வேலை பார்க்கிறவர்கள், கட்டட வேலைக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கிறவர்கள், எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். அந்தத் தமிழ் அரை மணி நேரத்தை வாசித்தவள் நான். மலையாளச் செய்தியை வாசித்தவள் என் பெரியப்பா மகள்.

இனி அவளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறேன்.

என்னைவிடச் சில வாரங்கள் மூத்தவள். அந்தச் சில வாரங்களுக்காக ஆயுசு முழுக்க அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும். ஒரே வீட்டில் மாடியில் அவர்கள், கீழே நாங்கள். ஒரே காலேஜ், ஒரே ஜர்னலிசம் கோர்ஸ், ஒரே பெஞ்ச். பள்ளிக்கூடம் மட்டும் வேறு. எங்களைப் பள்ளியில் சேர்க்க வேண்டிய வருடம் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஏதோ சண்டை. அண்ணன் மகள் போகிற ஸ்கூலுக்கு என் மகள் போக மாட்டாள் என்று அப்பா வீம்பு பிடித்தார். அவள் மலையாள மீடியம், நான் தமிழ் மீடியம். அந்தச் சண்டை எதற்கு என்று இப்போது இரண்டு பேருக்குமே ஞாபகமில்லை. என் நாக்கில் மட்டும் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

அவள் முகம் கேமராவுக்கென்றே செய்த முகம். என் முகம் ரேஷன் கார்டுக்குச் செய்தது.

ஆனால் லோக்கல் சேனல் காலத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தவள் நான். மலையாளச் செய்தியில் முதலமைச்சர், சட்டசபை, வேலைநிறுத்தம் என்று அவள் கம்பீரமாக வாசிப்பாள். அந்த நேரம் எங்கள் தெரு சோறு பிசைந்துகொண்டிருக்கும். என் அரை மணி நேரத்துக்கு யாரும் எழுந்து போக மாட்டார்கள். முதலில் சாவுச் செய்தி. பிறகு தண்ணீர், கரண்ட். "கிடங்கு லைன்காரர்கள் கவனத்துக்கு, நாளை காலை குழாயில் தண்ணீர் வராது" என்று நான் சொன்ன மறு நிமிடம் எங்கள் சந்தில் குடங்கள் உருளும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் எனக்குக் கைதட்டல் மாதிரி. கவுன்சிலர்கூட பச்சைத் துணிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாக வேண்டும், எங்களிடம் பேச அவருக்கு வேறு வழி கிடையாது. ஒரு தடவை, கிடங்கு லைன் ஓடையை எப்போது தூர் வாருவீர்கள் என்று கேட்டேன். அடுத்த வாரம் என்றார். அடுத்த வாரம் மறுபடியும் கூப்பிட்டு உட்கார வைத்து, ஃபேனை நிறுத்திவிட்டு, அதே கேள்வியைக் கேட்டேன். அவருக்கு வியர்த்தது திரையில் நன்றாகத் தெரிந்தது. ஓடையைத் தூர் வாரினார்கள்.

பஸ் ஸ்டாப்பில் என்னை அடையாளம் கண்டு சிரிப்பார்கள். "தண்ணி வருமா நாளைக்கு?" என்று நான்தான் தண்ணீர் திறக்கிறவள் போலக் கேட்பார்கள். அக்கா பக்கத்தில் நிற்பாள். அவளை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அந்தப் பஸ் ஸ்டாப் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் கம்பெனி வந்தது.

இதை நான் பரீட்சையிலேயே எழுதியிருக்கிறேன். தொலைத்தொடர்புத் துறையைத் திறந்துவிட்டால் போட்டி வரும், விலை குறையும், மக்களுக்கு நன்மை என்று முதல் பக்கம். போட்டியில் பெரியது சின்னதை விழுங்கும், கடைசியில் கம்பியும் சேனலும் ஒரே கைக்குப் போகும் என்று இரண்டாம் பக்கம். நல்ல மார்க் வாங்கினேன். இரண்டாம் பக்கம் மாடிப்படி ஏறிப் பூக்கடைக்கு மேலே வரும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. கண்ணுக்கு முன்னால்தான் நடந்துகொண்டிருந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் பகுதியில் வேறு கேபிள்காரர்களும் இருந்தார்கள், ஒருத்தர் வயரை ஒருத்தர் வெட்டுவார்கள், ஆளுக்கொரு லோக்கல் சேனல் வைத்துக்கொண்டு ஒரே கோயில் திருவிழாவை ஆளுக்கொரு கோணத்தில் காட்டுவார்கள். கேபிள் மாமா அவர்களை வாங்கி ஓரம் கட்டியபோது நாங்கள் கைதட்டினோம், படம் தெளிவாக வந்தது. நடைபாதையில் சிம் கார்டு விற்கிற குடைகள் நிறம் நிறமாக நின்றன. பிறகு ஒவ்வொரு நிறமாகக் காணாமல் போயிற்று. யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். எல்லோரும் வந்தார்கள். வந்தவர்களில் பெரியவன் உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

கம்பெனி என்றால் இன்டர்நெட், டிவி, போன், நியூஸ் சேனல், ஆப், எல்லாம் ஒரே பில்லில். கேபிள் மாமா கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டு நான் மூச்சு வாங்க மாடி ஏறினேன். அவர் பச்சைத் துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, சேனலு?"

"சேனல் என்னத்துக்கு மக்ளே? அவங்களுக்கே நியூஸ் சேனல் உண்டும். இருபத்திநாலு மணிக்கூரும்."

"நம்ம தமிழ்?"

"ஆப்புல தமிழ் உண்டும்னு சொன்னாவ. சென்னைல இருந்து வருமாம்."

"சென்னைல இருக்கவன் கிடங்கு லைனுக்கு நாளைக்கு தண்ணி இல்லன்னு சொல்லுவானா?"

"ஏட்டி, சத்தம் போடாத. கரண்டு போஸ்டு வாடக ஏறியாச்சு. ஆளு ஆளா ஃபைபருக்கு மாறியாச்சு. நான் இந்த வயர எங்க கெட்டுவேன், எனக்க களுத்திலயா?" மடித்த துணியை என் கையில் வைத்தார். "கொண்டு போ. ஜன்னலுக்குப் போடலாம்."

"உங்களுக்கு என்ன வேலை இனி?"

"ஃபிரான்சைஸியாக்கும். முன்ன மொதலாளி, இப்ப ஃபிரான்சைஸி. ரூபா பிரிச்சு அங்க கெட்டணும். ஒரு டை தந்திருக்கான்." டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

லோக்கல் சேனல் ஆட்களில் ஒருத்தரைக் கம்பெனியின் நியூஸ் சேனலுக்கு எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. நானும் அக்காவும் கழக்கூட்டம் பக்கம் உள்ள அவர்கள் ஆபீசுக்கு ஒரே பஸ்ஸில் போனோம். ஏசி, கண்ணாடி, ஓடுகிற எழுத்து. மலையாளத்தில் வாசிக்கச் சொன்னார்கள். நான் வாசித்து முடித்ததும் ஹெட்செட் போட்ட சேச்சி ஒருத்தி என் தோளைத் தட்டினாள்.

"மோளே, எனர்ஜி அடிபொளி. பக்ஷே ஒரு தமிழ்ச் சுவ உண்டல்லோ."

தமிழ்ச் சுவை. என் மலையாளத்தைக் குழம்பில் உப்புப் பார்த்த மாதிரி சொன்னாள். அக்கா வாசித்தபோது அந்தச் சேச்சி ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எடீ, அவங்க தமிழ் தொடங்கினா உன்னத்தான் கூப்பிடுவாங்க, கேட்டோ." உண்மையாகவே வருத்தப்பட்டாள். அவள் கொஞ்சம் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! நன்றாக வெறுத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போயிருப்பேன்.

நான் பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்த அப்பாவின் கடையில் உட்கார்ந்தேன். கயிறு, பக்கெட், துடைப்பம். அவள் நீலக் கோட்டு போட்டுக்கொண்டு திரையில் உட்கார்ந்தாள். கிழக்கேகோட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே அவள் முகத்தோடு ஒரு பெரிய போர்டு வைத்தார்கள். என் பஸ் நிற்பது சரியாக அதற்குக் கீழே. தினமும் அவளுடைய பற்களின் நிழலில் நின்று பஸ் பிடித்தேன். விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு ஒரு பெரிய கப்பல் வந்த நாளில் எல்லாச் சேனலிலும் கப்பல். அவள் காற்றில் முடி பறக்க, கிரேனுக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டேயிருந்தாள். அன்று எங்கள் சந்தில் ஓடை பொங்கி, கிடங்குகளுக்குள் கறுப்புத் தண்ணீர் புகுந்து நின்றது. அதைச் சொல்ல எந்தத் திரையும் இல்லை. விழிஞ்ஞத்திலிருந்து வருகிற மீன்காரம்மா, கூடையை இறக்கி வைக்க உலர்ந்த இடம் தேடிக்கொண்டே, "உனக்க அக்காளக் கண்டேன் பிள்ள. கப்பல நான் பாக்கவே இல்ல, அவளத்தான் பாத்தேன்" என்றாள். நான் அன்று மீன் வாங்கவில்லை.

போனைத் திறந்தால் ஆப்பில் அவள் பேசும் கிளிப் வரும். கீழே ஒரு வரி: உங்களுக்கு இது பிடிக்கலாம்.

உள்ளாட்சித் தேர்தல் வந்தது. வாக்குப்பதிவுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அங்கன்வாடி டீச்சர் கடைக்கு வந்தார். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதோடு வாக்காளர் பட்டியல் வேலையும் அவர் தலையில்தான். மூடி உள்ள பக்கெட்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டே சொன்னார்:

"பின்னே, நிங்ஙளுக்கு இத்தவண பூத்து மாறி. அறிஞ்ஞோ?"

"எங்களுக்கா? எங்க?"

"பாலத்தினு அப்புறத்தெ ஸ்கூல்."

வார்டு எல்லைகளைப் புதிதாக வரைந்ததில் எங்கள் பகுதியின் நடுவே கோடு போயிருந்தது. மற்ற லைன்கள் எல்லாம் பழைய வார்டில். கிடங்கு லைனை மட்டும் கிள்ளி எடுத்து, ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள வார்டோடு ஒட்டிவிட்டார்கள். அங்கே வேறு வேட்பாளர்கள், வேறு பள்ளிக்கூடம். எங்கள் ஓடையைத் தூர் வாருவதாக வாக்குக் கொடுத்துக்கொண்டு சந்துக்குள் சுற்றிய வேட்பாளர்களுக்கு நாங்கள் ஓட்டே போட முடியாது. அவர்களுக்கும் அது தெரியவில்லையோ என்னவோ, தினமும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

"வேற யாருக்காவது தெரியுமா டீச்சர்?"

"ஞான் எல்லா வீட்டிலும் போயி புதிய வார்டு பேரும் பூத்து நம்பரும் பறஞ்ஞு. எல்லாரும் தல ஆட்டி."

"வார்டு பேரு சொன்னா யாருக்கும் புரிஞ்சிருக்காது டீச்சர்."

"தல ஆட்டியல்லோ!" என்று டீச்சர் கோபித்துக்கொண்டு பக்கெட்டோடு போய்விட்டார்.

என் அரை மணி நேரம் இருந்திருந்தால் இது ஒரு வாக்கியம். ஒரே ஒரு வாக்கியம். கிடங்கு லைன்காரர்கள் கவனத்துக்கு, இந்தத் தடவை ஓட்டு பாலத்துக்கு அந்தப் பக்கம். முடிந்தது. என் வாழ்க்கையிலேயே பெரிய செய்தி என் கையில் இருந்தது, அதைச் சொல்ல வாய் மாடியில் இருந்தது. போய்ச் சொன்னேன். அவள் தரையில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தாள், காலை புல்லட்டின் மேக்கப் கலைக்கவில்லை.

"நல்ல ஸ்டோரி டீ," என்றாள். "ஆனா கிடங்கு லைன்னு சொன்னா நியூஸ் டெஸ்க்ல சிரிப்பாங்க. வார்டு பேரும் பூத்து நம்பரும் வேணும்."

"உனக்கும் அது கிடங்கு லைன்தானே?"

"எனக்குத்தான். கொச்சில உள்ள டெஸ்க்குக்கு இல்லியே."

அவள் முயற்சி பண்ணவில்லை என்று சொல்லவே முடியாது. டீச்சரிடம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள். டெஸ்க்கில் சண்டை போட்டாள். ஒரு சந்து விஷயத்துக்கு மாநிலம் முழுக்கப் பார்க்கிற சேனலில் இடமில்லை என்றார்களாம். விடாமல் நச்சரித்து, மாலைச் செய்தியில் ஒரு துண்டு இடம் வாங்கிவிட்டாள். எனக்கு நன்றியும் வந்தது, வயிறும் எரிந்தது, இரண்டும் ஒரே நேரத்தில்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு ஹாலில் அப்பா, அம்மா, மாடியிலிருந்து இறங்கி வந்த பெரியம்மா, அடுத்த வீட்டுக் கயிற்றுக்கடை அண்ணாச்சி, எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். எப்படியும் டிவியில் வரப்போகிறதே என்று நான் அதுவரை வீட்டில் சொல்லவில்லை. அவள் வந்தாள். வார்டின் புதிய பெயர், பூத் எண், பள்ளியின் முழுப்பெயர், எல்லாம் பிசிறில்லாத மலையாளத்தில் சொன்னாள். பின்னால் ஒரு மேப்கூடச் சுழன்றது. ஒரு தவறும் இல்லை. நான் திரையைப் பார்க்கவில்லை, உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த நீலம் அவளுக்கு என்ன எடுப்பா இருக்கு!" என்றாள் அம்மா.

"காதுல போட்டிருக்கது புதுசு," என்றாள் பெரியம்மா.

அப்பா உச்சுக் கொட்டினார். "பாவம், எங்கேயோ உள்ளவங்களுக்கு பூத்து மாறிப் போச்சாம். எங்க அலையப் போறாங்களோ."

"அப்பா, அது நாமதான்."

"நாமளா? நாம கிடங்கு லைன் இல்லியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நொடி பயம் வந்தது. இவர்களுக்கு நல்ல மலையாளம் தெரியும், காது கேட்கும், அவள் பேசியதில் ஒரு சொல்கூடப் புரியாமலில்லை. அது தங்களைப் பற்றியது என்பது மட்டும் தெரியவில்லை. அந்தப் பெயரால் இவர்களை இதுவரை யாரும் கூப்பிட்டதேயில்லை.

வீடு வீடாகப் போனேன். அங்கேதான் எனக்குச் சரியான அடி கிடைத்தது.

"உனக்க அக்கா டிவியில சொன்னாளே, அதா?" என்றார் அண்ணாச்சி. "அது வேற எங்கேயோ உள்ள வார்டு மக்ளே."

"அது நம்ம சந்துதான் அண்ணாச்சி. டீச்சரே எங்கிட்ட சொன்னா."

"அப்ப அவ டிவியில கிடங்கு லைன்னு சொல்லியிருப்பாளே? சொந்தத் தெருவ மறப்பாளா?"

"நான் சொல்லுகேன் இல்ல!"

அவர் என்னைக் கொஞ்சம் பாவமாகப் பார்த்தார். "நீ இப்ப டிவியில இல்லியே மக்ளே."

இல்லைதான். பச்சைத் துணிக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னபோது இதே அண்ணாச்சி குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவர். இப்போது நான் கடையில் பக்கெட் விற்கிற பெண். வாய்ஸ் நோட் போட்டேன், கேட்டவர்களிடமெல்லாம் ஃபார்வேர்ட் பண்ணச் சொன்னேன். அந்த வாரம் வாட்ஸப் முழுக்கத் தேர்தல் புரளிதான், ஓட்டு தள்ளிப் போயிற்று என்று ஒன்று, மெஷின் மாறிற்று என்று ஒன்று. என் குரல் அந்தக் குப்பையோடு குப்பையாகப் போயிற்று. பக்கத்துச் சந்தில் ஒருத்தர் அதற்குச் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்.

கடைசியாகக் கேபிள் மாமாவிடம் போனேன்.

"ஒரே ஒரு வரி மாமா. நம்ம லைன்ல மட்டும். பழைய மாதிரி."

"லைனு எங்க இருக்கு?" அவர் என்னை ஜன்னலுக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். போஸ்டில் மெல்லியதாக ஒரே ஒரு கறுப்புக் கம்பி. "எல்லாம் ஃபைபர். அங்க இருந்து வருது, நேரா வீட்டுக்குள்ள போவுது. நடுவில நாம கைய வைக்க எடமில்ல. நான் டை கெட்டின ஆளாக்கும் இப்ப."

வாக்குப்பதிவு அன்று காலையில் அப்பாவையும் அம்மாவையும் பாலத்துக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய் ஓட்டுப் போட வைத்தேன், நானும் போட்டேன். பிறகு பழைய பள்ளிக்கூட வாசலுக்கு ஓடி வந்தேன். எங்கள் சந்துக்காரர்கள் தலை சீவி, நல்ல சட்டை போட்டு, வழக்கமான வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே போனவர்கள், பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

கேட்டுக்கு வெளியே நின்று கத்தினேன். "கிடங்கு லைன்காரங்க எல்லாரும் பாலத்துக்கு அந்தப் பக்கம்! கிடங்கு லைன் இங்க இல்ல!"

போலீஸ்காரர் வந்தார். "எந்தா இவிடெ? கான்வாசிங்ஙா?"

"இல்ல சாரே, வழி சொல்லுகேன்."

"அது அவிடெ மாறி நின்னு பறஞ்ஞா மதி." தள்ளி நின்று கத்தினேன். தொண்டை கட்டிப் போயிற்று.

கிடங்கு லைன் என்று கேட்டதும் திரும்பிப் பார்த்தார்கள். அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்கு ஆறுதல். சிலர் பாலத்தைப் பார்த்து நடந்தார்கள். பலர் போகவில்லை. அண்ணாச்சி என் முன்னால் வந்து நின்று வேட்டியை இறுக்கிக் கட்டினார். "நீ சொன்னது நெசந்தான். ஆனா கடை தொறக்கணும் மக்ளே. அங்க போயி, அங்க ஒரு வரிசையில நின்னு... அடுத்த தடவ பாக்கலாம்." லாட்ஜில் தங்கி இங்கேயே பட்டியலில் பேர் சேர்த்துக்கொண்ட கட்டட வேலைக்காரர்களும், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று திரும்பிவிட்டார்கள்.

அப்போதுதான் சேனல் வண்டி வந்தது. அக்கா இறங்கினாள், என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"எடீ, நீ சொன்ன மாதிரியே ஆச்சு! வா, ஒரு பைட் குடு, கேமராவுக்கு நாலு வார்த்தை."

மைக்கை நீட்டினாள். பஞ்சு வைத்த, சேனல் பெயர் போட்ட நிஜ மைக். இத்தனை வருடம் அதைத்தான் கனவில் பிடித்துக்கொண்டிருந்தேன். கட்டிய தொண்டையோடு பேசினேன், தமிழில்தான், வேறெப்படிப் பேசுவேன்? பூத் மாறியதை டீச்சர் வீடு வீடாக வந்து சொன்னார், ஆனால் அவர் சொன்ன வார்டுப் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது என்றேன். எங்கள் சந்துக்கு எங்கள் பெயரில் சேதி சொல்கிற ஒரு சேனல் இருந்தது, அதை வாங்கி மூடிவிட்டார்கள், மூடியவர்கள் இப்போது என் முன்னால் மைக்கை நீட்டுகிறார்கள் என்றேன். ஓடையைப் பற்றிச் சொன்னேன். இடையில் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. கேமராமேன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

மாலைச் செய்தியில் நான் வந்தேன். கீழே 'வோட்டர்' என்று போட்டிருந்தார்கள். என் வாய் அசைந்தது, என் கை ஆடியது. குரல் அக்காவுடையது. என் தமிழைத் தணித்துவிட்டு, மேலே அவளுடைய அழகான மலையாளம்: பூத் மாறிய விவரம் தெரியாமல் மக்கள் குழம்பினார்கள். அவ்வளவுதான். பிறகு வேறொரு ஊர், வேறொரு வரிசை, சிரிக்கிற வேட்பாளர்.

"உன்ன டிவியில காட்டினாங்க பாத்தியா!" அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவளாக்கும் காட்டினா. கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா."

அக்கா வேலை முடிந்து வந்ததும் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"எப்படி இருந்துது?"

"என் வாயில உன் சத்தம்."

"சப்டைட்டில் போட நேரமில்லன்னு சொன்னாங்க. வாய்ஸ் ஓவர்னா சட்டுனு முடிஞ்சிரும்."

"நான் சொன்னது?"

"நீ சொன்னதுல முக்காலும் போயாச்சு, எனக்குத் தெரியும்." கோட்டின் பட்டனைத் திருகிக்கொண்டே நின்றாள். "கம்பெனியப் பத்தி சொன்னத நானே அனுப்பினேன் டீ. வெட்டிட்டாங்க. அடுத்த தடவ மலையாளத்தில சொல்லு. கொஞ்சம் கூட நேரம் தருவாங்க."

அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. தெரிந்த வழியைச் சொன்னாள். எனக்கு அவளை அடிக்கலாம் போல இருந்தது, அந்தக் கோட்டை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம் போலவும் இருந்தது. அம்மா அவளுக்குத் தட்டு வைத்தாள். எங்கள் வீட்டில் பெரிய பொரித்த மீன் அவள் தட்டுக்குத்தான் போனது.

தேர்தலில் ஜெயித்தவர் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆள். அவருக்கு எங்கள் சந்து எங்கே இருக்கிறது என்று தெரியுமா என்றே எனக்குச் சந்தேகம். கூப்பிட்டு உட்கார வைக்கவும் இடமில்லை. ஓடை மறுபடியும் அடைத்துக்கொண்டது. நான் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று மலையாளத்தில் செய்தி வாசித்துப் பழகுகிறேன், சத்தம் மாடிக்குக் கேட்காதபடி குழாயைத் திறந்துவிட்டு.

அவளுடைய சேனலில் இப்போது வாசிக்க ஆள் எடுக்கிறார்கள். மலையாளம் மட்டும். நேற்று விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.